எம்எஸ்விசியா மின்ஜிடபிள்யூவா, எந்த ஃபைல டவுன்லோட் பண்றதுன்னு தெரியாம நிக்கிறவங்களுக்கு

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க புளோக்ல நாலு வீடு தள்ளி இருக்கிற மாமா லேப்டாப்ப கையில தூக்கிட்டு வந்துட்டாரு. ரிட்டயர் ஆனவரு, வீட்டுல இருந்த கேசட் எல்லாத்தையும் ரெண்டு வருஷமா உக்காந்து ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்காரு, ஒரு ஃபைல் விடாம எல்லாத்துக்கும் தமிழ்லயே பேரு போட்டிருக்காரு. அதையெல்லாம் ஒழுங்கா அடுக்கி கேக்கறதுக்கு ஒரு ஓப்பன் சோர்ஸ் பிளேயர் நல்லா இருக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க, டவுன்லோட் பண்ண போனா ஒரே வெர்ஷனுக்கு எட்டு ஃபைல் நிக்குது. எக்ஸ்86, எக்ஸ்64, எம்எஸ்விசி, மின்ஜிடபிள்யூ, அதுல பாதிக்கு பின்னாடி டீபக்னு வேற ஒரு வார்த்தை. "தம்பி, இருக்கறதுலயே பெருசா இருந்துச்சு, அதான் ஃபுல் வெர்ஷன்னு நெனச்சு எடுத்துட்டேன், இப்ப ஏதோ டிஎல்எல் இல்லன்னு சொல்லுதுப்பா"ன்னாரு.

டிஎல்எல்னா ஒரு சாஃப்ட்வேர் ஓடும்போது துணைக்கு கூப்பிட்டுக்கற ஃபைல், லைப்ரரின்னும் சொல்வாங்க. அவர் திரைல வந்த மெசேஜ்ல விசிரன்டைம்140டி.டிஎல்எல் காணோம்னு இருந்துச்சு. அந்த 140க்கு பின்னாடி வர்ற ஒத்த எழுத்து "டி"ய பாருங்க, விஷயம் முழுக்க அதுலதான் இருக்கு, அப்புறம் சொல்றேன்.

இந்த மாதிரி குழப்பத்தோட என்கிட்ட வர்றவங்க நெறய பேரு. வர்றவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "இதுல எது நல்லது". அந்த கேள்விய கொஞ்சம் மாத்தி "என் மெஷினுக்கு எது சேரும், நான் அதோட வேற என்ன சேத்து ஓட்டப் போறேன்"னு கேட்டா பதில் ரெண்டு நிமிஷத்துல கெடச்சிரும். எந்த ஆர்டர்ல பாக்கணும்னு நான் பண்றத அப்படியே எழுதறேன்.

அதுக்கு முன்னாடி, ஏன் ஒரே சாஃப்ட்வேருக்கு இத்தன ஃபைல்?

புரோகிராமர் எழுதறது நம்ம கண்ணுக்கு படிக்கிற மாதிரி இருக்கற கோட், அத மெஷினுக்கு புரியற மாதிரி மாத்திக் குடுக்கறது தான் கம்பைலர். விண்டோஸ்ல இந்த வேலைக்கு பெரிய ரெண்டு குடும்பம் இருக்கு. ஒண்ணு மைக்ரோசாஃப்ட்டோட விஷுவல் சி++, அதத்தான் எம்எஸ்விசின்னு போட்டிருப்பாங்க. இன்னொண்ணு ஜிசிசி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987ல வெளியிட்டது, லினக்ஸ் உலகத்துல வளந்தது, அத விண்டோஸ்க்கு கொண்டு வந்த ஏற்பாட்டுக்கு பேரு தான் மின்ஜிடபிள்யூ. கிளாங்னு மூணாவது ஒண்ணு இருக்கு, ஆனா அது விண்டோஸ்ல இந்த ரெண்டு பக்கத்துல ஏதாவது ஒரு பக்கம் தான் நிக்கும். கிளாங்-சிஎல்னு இருந்தா எம்எஸ்விசி பக்கம்னு எடுத்துக்கோங்க, எம்சிஸ்2ன்னு மின்ஜிடபிள்யூ சாமான தொகுத்துக் குடுக்கற ஆளுங்களோட கிளாங்64ன்னா மின்ஜிடபிள்யூ பக்கம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2018ல விண்டோஸ்க்கு கிளாங்குக்கு மாறிட்டாங்க, நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியல பாருங்க.

சிங்கப்பூர் தேக்கா சென்டர் மேல் மாடில ரெண்டு டெய்லர்கிட்ட ஒரே துணி, ஒரே அளவு குடுத்து பிளவுஸ் தைக்க சொல்றீங்கன்னு வைங்க. ரெண்டும் போட்டா சரியாத்தான் இருக்கும். ஆனா ஒருத்தர் கொக்கிய இடது பக்கம் வச்சிருப்பாரு, இன்னொருத்தர் வலது பக்கம். இவரோட ஒரு பாதிய அவரோட இன்னொரு பாதியோட மாட்டணும்னா மாட்டாது. எம்எஸ்விசியும் மின்ஜிடபிள்யூவும் சி++ விஷயத்துல அப்படித்தான், ஃபங்ஷன் பேர உள்ள எழுதி வைக்கிற விதம், தப்பு நடந்தா அத கையாளுற விதம் எல்லாமே வேற. தனித்தனியா ரெண்டும் ஓடும், கலந்தா ஓடாது. இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா கீழ சொல்றது எல்லாம் தானா புரியும்.

முதல் வேலை, உங்க மெஷின் என்ன ரகம்னு பாருங்க

செட்டிங்ஸ் போங்க, சிஸ்டம், அதுக்கு கீழ கடைசில அபவுட். அங்க சிஸ்டம் டைப்னு ஒரு வரி இருக்கும். 64-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்னு இருந்தா உங்களுக்கு எக்ஸ்64 ஃபைல், பெரும்பாலானவங்க இதுதான். சில பேரு இன்டெல் ஏஎம்டின்னு ரெண்டு ஃபைல் தேடுவாங்க, அதெல்லாம் வேண்டாம், ரெண்டுக்கும் எக்ஸ்64 தான், ஏஎம்டி64ன்னு பேரு போட்டிருந்தாலும் அது இன்டெல்லுக்கும் சேத்து தான்.

ஆர்ம் பிராசஸர்னு இருந்தா கொஞ்சம் நில்லுங்க. 2024 ஜூன்ல இருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் போட்ட லேப்டாப் நெறய வந்துருச்சு, பேட்டரி நல்லா நிக்குதுன்னு ஐடி ஃபேர்ல வாங்கிட்டு வர்றவங்களுக்கு அது ஆர்ம்னே தெரியறதில்ல. அதுல ஆர்ம்64 ஃபைல் இருந்தா அத எடுங்க. இல்லன்னா எக்ஸ்64 எடுக்கலாம், விண்டோஸ் 11 அத மொழிபெயர்த்து ஓட்டும், பாட்டு கேக்க, டெக்ஸ்ட் எழுத எல்லாம் போதும். டிரைவர், அப்புறம் ஃபைல ரைட் கிளிக் பண்ணா வர்ற மெனுல வந்து உக்காருற சமாச்சாரம், இது ரெண்டு மட்டும் எக்ஸ்64ல இருந்தா அங்க வேலைக்கு ஆகாது.

எக்ஸ்86ன்னா 32-பிட். உங்க விண்டோஸே 32-பிட்டா இருந்தா வேற வழியில்ல, அதான் எடுக்கணும். விண்டோஸ் 11ல 32-பிட் பதிப்பே கெடையாது, அதனால அது போட்ட மெஷின்ல இத எடுக்க ஒரே ஒரு காரணம் தான் உண்டு, 32-பிட்ல மட்டுமே கெடைக்கிற பழைய பிளக்கின் (சாஃப்ட்வேர்ல கூடுதலா மாட்டிக்கற சின்ன துணுக்கு) ஏதாவது உங்களுக்கு கண்டிப்பா வேணும்னு இருந்தா. 86 பெருசா 64 பெருசான்னு நம்பர வச்சு எடுக்காதீங்க, அந்த 86 இன்டெல்லோட பழைய சிப் பேர்ல இருந்து வந்தது.

இதுலயே ஏவிஎக்ஸ்2 இல்லன்னா வி3ன்னு ஒரு வால் வச்ச ஃபைலும் சில இடத்துல இருக்கும். இன்டெல்ல 2013ல ஹாஸ்வெல்லோட வந்த வசதி அது, ஆனா அதுக்கப்புறம் வந்த வெல கொறஞ்ச செலரான், பென்டியம் சிப்ல பலதுல கெடையாது. இல்லாத மெஷின்ல ஓட்டினா தொறந்த உடனே மூடிக்கும், எர்ரர் 0எக்ஸ்சி000001டின்னு வரும். சந்தேகமா இருந்தா வால் இல்லாத சாதா ஃபைல எடுங்க.

அடுத்து, வேண்டாதத தள்ளுங்க

டீபக், சிம்பல்ஸ், பிடிபி, சோர்ஸ், டெவல், எஸ்டிகே இந்த வார்த்தை எது இருந்தாலும் அது நமக்கு இல்ல. மாமா மாட்டினது இங்க தான். கம்பைலர் கட்டிக் குடுக்கற ஃபைலத்தான் பில்டுன்னு சொல்வாங்க. டீபக் பில்டுன்னா டெவலப்பர் தப்பு கண்டுபுடிக்கறதுக்காக உள்ள எக்கச்சக்கமா குறிப்பு சேத்து கட்டினது, அதான் சைஸ் அவ்வளவு பெருசு, ஓடறதும் மெதுவா தான் ஓடும். எம்எஸ்விசில கட்டின டீபக் ஃபைல் தேடற லைப்ரரி எல்லாம் பேரு கடைசில "டி" போட்டது, விசிரன்டைம்140டி, எம்எஸ்விசிபி140டி, யூசிஆர்டிபேஸ்டி. இது புரோகிராம் எழுதறதுக்கு மைக்ரோசாஃப்ட் குடுக்கற விஷுவல் ஸ்டுடியோ போட்டவங்க மெஷின்ல தான் இருக்கும், மத்தவங்களுக்கு பகிர்ந்து குடுக்க மைக்ரோசாஃப்ட் லைசென்ஸே இடம் குடுக்கல. அப்ப, சாதா எம்எஸ்விசி லைப்ரரிங்கள மொத்தமா போட மைக்ரோசாஃப்ட் குடுக்கற ரீடிஸ்ட்ரிபியூட்டபிள (சுருக்கமா ரீடிஸ்ட்) எத்தன தடவ போட்டாலும் இந்த மெசேஜ் போகவே போகாது. கடைசி எழுத்து டின்னு பாத்தா வேற எதையும் தேடாம டீபக் இல்லாத ஃபைல எடுங்க, அவ்வளவு தான்.

மாமா என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்த டிஎல்எல் பேர தேடி, ஏதோ ஒரு டிஎல்எல் டவுன்லோட் சைட்ல போய் பட்டன் மேல விரல வச்சிருந்தாரு. நல்லவேள அழுத்தல. இத கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன், தனி டிஎல்எல் ஃபைல அந்த மாதிரி சைட்ல இருந்து எடுத்து சிஸ்டம்32 ஃபோல்டர்ல போடற பழக்கத்த விட்டுருங்க. அது யாரு கட்டினது, உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இதுல இன்னொரு கூத்து, சிஸ்டம்32ன்னு பேரு இருந்தாலும் 64-பிட் விண்டோஸ்ல அதுக்குள்ள இருக்கறது 64-பிட் ஃபைலுங்க, 32-பிட் இருக்கறது சிஸ்வாவ்64ங்கற ஃபோல்டர்ல. பேர பாத்து போட்டீங்கன்னா தப்பான எடத்துல போயி உக்காரும், அப்புறம் நல்லா ஓடிட்டிருந்த வேற சாஃப்ட்வேரும் படுக்கும்.

இப்ப உண்மையான கேள்வி

மிச்சம் இருக்கறது ரெண்டே ரெண்டு ஃபைல், எக்ஸ்64 எம்எஸ்விசி, எக்ஸ்64 மின்ஜிடபிள்யூ. இதுல என் அபிப்பிராயம், சொந்த மெஷின், அட்மின் பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கு, விண்டோஸ் 10 இல்லன்னா 11, அப்படின்னா எம்எஸ்விசியே எடுங்க. விண்டோஸோட சொந்த லைப்ரரிய வச்சு கட்டினது, பொதுவான லைப்ரரிக்கு செக்யூரிட்டி அப்டேட் வந்தா எல்லா சாஃப்ட்வேருக்கும் சேந்து வந்துரும், ஏதாவது கிராஷ் ஆனா அத வச்சு காரணம் கண்டுபுடிக்க விண்டோஸ் டூல்ஸ் நல்லா ஒத்துழைக்கும். இன்னொரு விஷயம், க்யூட்டிங்கற டூல்கிட் வச்சு எழுதின சாஃப்ட்வேர்ல உள்ளுக்குள்ளயே பிரவுசர் மாதிரி ஒரு பக்கம் காட்ட க்யூட்டி வெப்எஞ்சின்னு ஒண்ணு இருக்கு, அது விண்டோஸ்ல எம்எஸ்விசியோட மட்டும் தான் ஓடும். அதனால ஒரே சாஃப்ட்வேரோட மின்ஜிடபிள்யூ பில்டுல அந்த ஒரு வசதி மட்டும் இல்லாம இருக்கலாம். டவுன்லோட் பக்கத்துல பொடி எழுத்துல எழுதியிருப்பாங்க, படிச்சுருங்க.

மின்ஜிடபிள்யூ எடுக்க வேண்டிய நேரமும் இருக்கு. கம்பெனி லேப்டாப், அட்மின் உரிமை இல்ல, ஆனா ஐடி டிபார்ட்மென்ட் இந்த சாஃப்ட்வேர ஓட்டிக்கலாம்னு சொல்லிட்டாங்கன்னு வைங்க. எம்எஸ்விசிக்கு ரீடிஸ்ட் போட அட்மின் கேக்கும். மின்ஜிடபிள்யூ ஃபைல்ல வேணுங்கற லைப்ரரி எல்லாத்தையும் பெரும்பாலும் பக்கத்துலயே வச்சு ஜிப்பா குடுத்துருவாங்க, விரிச்சு வச்சு ஓட்டிக்கலாம். சில டெவலப்பருங்க லினக்ஸ்ல உக்காந்துகிட்டே விண்டோஸ்க்கும் சேத்து மின்ஜிடபிள்யூல கட்டுவாங்க, அவங்க தெனமும் ஓட்டிப் பாக்கறது அந்த பில்டு தான்னா அதான் நல்லா பக்குவமா இருக்கும். விஎல்சி, இங்க்ஸ்கேப் எல்லாம் அந்த குடும்பத்துல கட்டினது தான், உலகமே ஓட்டிட்டிருக்கு, அதனால மின்ஜிடபிள்யூன்னா ரெண்டாந்தரம்னு நெனைக்க வேண்டாம். வேகத்த பத்தியும் கவலப்பட வேண்டாம், பாட்டு பிளேயர், எடிட்டர் மாதிரி சாமான்ல ரெண்டுக்கும் வித்தியாசம் கைல தெரியாது.

பிளக்கின் சேக்கறவங்களுக்கு மட்டும் வேற கணக்கு, அவங்க பிளக்கின்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்கு வேணுங்கற பிளக்கின் எந்த கம்பைலர், எத்தன பிட்டுல கெடைக்குதுன்னு மொதல்ல பாத்துட்டு, அதே மாதிரி சாஃப்ட்வேர எடுக்கணும். நோட்பேட்++ ஓட்டறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், 64-பிட் நோட்பேட்++ல 32-பிட் பிளக்கின் ஏறவே ஏறாது. பிட்டு ஒத்துப் போனாலும் சி++ல எழுதின பிளக்கின்னா கம்பைலர் குடும்பமும் ஒத்துப் போகணும், அந்த கொக்கி கதை தான்.

என் அக்கா மகள் பாலிடெக்னிக்ல படிக்கிறா, அவளுக்கு இது ஓட்டற பிரச்சனை இல்ல, கட்டற பிரச்சனை. க்யூட்டி இன்ஸ்டால் பண்ணும்போது எம்எஸ்விசி, மின்ஜிடபிள்யூன்னு ரெண்டு பெட்டி டிக் பண்ண வரும், எத பண்றது மாமான்னு போன் பண்ணா. மின்ஜிடபிள்யூன்னா கம்பைலரும் அந்த இன்ஸ்டாலர்லயே கெடைக்கும், உடனே வேலைய ஆரம்பிக்கலாம். எம்எஸ்விசின்னா விஷுவல் ஸ்டுடியோவோ அதோட பில்டு டூல்ஸோ தனியா போடணும், அது பல ஜிபி. படிக்கிறவங்களுக்கு கம்யூனிட்டி பதிப்பு காசு இல்லாம கெடைக்கும், ஆனா டிஸ்க்ல எடம் வேணும். ரஸ்ட்ங்கற புரோகிராமிங் மொழி கத்துக்கிறவங்களுக்கும் இதே கதை தான், எம்எஸ்விசி டூல்செயின், க்னூ டூல்செயின்னு ரெண்டு. ஜிஸ்ட்ரீமர்ங்கற ஆடியோ வீடியோ லைப்ரரியும் விண்டோஸ்க்கு ரெண்டு ரகமும் குடுக்கறாங்க. எத எடுத்தாலும் சரி, ஒரு புராஜெக்ட்டுக்கு கடைசி வரைக்கும் ஒரே குடும்பமா இருங்க, லைப்ரரி ஒரு எடம் கம்பைலர் ஒரு எடம்னு எடுத்தா லிங்க் பண்ற நேரத்துல நாள் முழுக்க போயிரும்.

டவுன்லோட் பண்ணதும் ஓட்டறதுக்கு முன்னாடி

அந்த சாஃப்ட்வேரோட சொந்த பக்கத்துல இருந்து தான் எடுக்கணும். எடுத்த ஃபைலுக்கு பக்கத்துல ஷா256ன்னு, ஃபைலோட கைரேகை மாதிரி, 64 எழுத்துல ஒரு நீள கோடு குடுத்திருந்தா பவர்ஷெல் தொறந்து கெட்-ஃபைல்ஹாஷ் கமாண்ட இங்கிலீஷ்ல டைப் பண்ணி, ஒரு எடம் விட்டு, அந்த ஃபைல இழுத்து விண்டோல போட்டு என்டர் தட்டுங்க, வர்ற கோடு முழுசும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. சின்ன ஓப்பன் சோர்ஸ் குழுவுக்கு சைனிங் சர்ட்டிஃபிகேட் வாங்க காசு இருக்காது, அதனால விண்டோஸ் நீலக்கலர்ல ஒரு எச்சரிக்கை காட்டும். கோடு ஒத்துப் போச்சுன்னா தாண்டிப் போகலாம், ஒத்துப் போகலன்னா எவ்வளவு அவசரமா இருந்தாலும் ஓட்டாதீங்க.

எம்எஸ்விசி எடுத்தீங்கன்னா மைக்ரோசாஃப்ட் பக்கத்துல இருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் புதுசா எடுத்து போடுங்க. விஷுவல் ஸ்டுடியோ 2015ல இருந்து 2022 வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே ரீடிஸ்ட் தான். இங்க நெறய பேரு தடுக்கி விழற எடம் ஒண்ணு இருக்கு, உங்க விண்டோஸ் 64-பிட்டா இருந்தாலும் ஓட்டப் போற சாஃப்ட்வேர் 32-பிட்டுன்னா எக்ஸ்86 ரீடிஸ்ட் தான் வேணும், ரீடிஸ்ட் சாஃப்ட்வேர பாத்து போடறது, விண்டோஸ பாத்து இல்ல. இன்ஸ்டால் ஆன லிஸ்ட்ல 2008, 2010, 2013ன்னு பழைய ரீடிஸ்ட் வரிசையா நிக்கும், எடத்த அடைக்குதுன்னு அத எடுத்துராதீங்க, அது ஒவ்வொண்ணையும் நம்பி ஏதோ ஒரு பழைய சாஃப்ட்வேர் இருக்கும்.

ஜிப்பா எடுத்தவங்க அத மொதல்ல முழுசா எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்க. விண்டோஸ் ஜிப் ஃபைல ஃபோல்டர் மாதிரியே தொறந்து காட்டும், உள்ள இருக்கற இஎக்ஸ்இய அங்கயே டபுள் கிளிக் பண்ணா அந்த ஒரு ஃபைல மட்டும் டெம்ப் ஃபோல்டர்ல எடுத்துப் போட்டு ஓட்டும், பக்கத்துல டிஎல்எல் ஒண்ணும் இருக்காது, உடனே காணோம் காணோம்னு மெசேஜ். நான் பாக்கற பிரச்சனைல பாதிக்கு பாதி இதுவா தான் இருக்கும்.

அக்கா மகளோட ஃபிரெண்டு ஒரு பையன் இதையே வேற விதமா பண்ணிட்டான். ஜிப்ப சரியா தான் விரிச்சான், ஆனா டெஸ்க்டாப்ல சுத்தமா இருக்கட்டும்னு இஎக்ஸ்இய மட்டும் இழுத்து டெஸ்க்டாப்ல போட்டான். மத்த டிஎல்எல் எல்லாம் டவுன்லோட்ஸ்லயே கெடக்கு. இப்ப பாருங்க என்ன நடக்குதுன்னு. விண்டோஸ் ஒரு டிஎல்எல்ல தேடும்போது மொதல்ல இஎக்ஸ்இ இருக்கற ஃபோல்டர்ல தேடும், அப்புறம் சிஸ்டம் ஃபோல்டர், கடைசியா பாத்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல இருக்கற ஃபோல்டர் ஒவ்வொண்ணா. அவன் மெஷின்ல வகுப்புக்காக ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட பழைய மின்ஜிடபிள்யூ ஒண்ணு பாத்ல இருந்துச்சு. அதுல லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் இருக்கு, பேரு அதே பேரு, ஆனா பழசு. விண்டோஸ் கெடச்சத எடுத்து மாட்டிருச்சு, புது சாஃப்ட்வேர் தேடற ஃபங்ஷன் அதுல இல்ல, "புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" கெடைக்கலன்னு, படிச்சாலே தல சுத்தற நீளத்துல ஒரு பேரோட மெசேஜ் வந்துச்சு. பையன் ரெண்டு தடவ விண்டோஸ ரீசெட் பண்ற அளவுக்கு யோசிச்சுட்டான். இஎக்ஸ்இய திரும்ப அந்த ஃபோல்டர்ல போட்டு, டெஸ்க்டாப்ல ஒரு ஷார்ட்கட் வச்சோம். முடிஞ்சுது.

எர்ரர் வந்தா அத எப்படி படிக்கறது

மெசேஜ மூடறதுக்கு முன்னாடி போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துருங்க, அதுல இருக்கற பேரு தான் மருந்துச்சீட்டு. விசிரன்டைம்140 இல்லன்னா எம்எஸ்விசிபி140 காணோம்னா ரீடிஸ்ட் இல்ல. விசிரன்டைம்140_1ன்னு அந்த ஒண்ணோட வந்தா ரீடிஸ்ட் இருக்கு, ஆனா 2019க்கு முந்தின பழசு, புதுசு போடுங்க. லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++, லிப்வின்பித்ரெட் இந்த மூணுல எது காணோம்னாலும் மின்ஜிடபிள்யூ ஜிப் சரியா விரியல. ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டின்னு ஆரம்பிச்சு நீளமா வந்தா உங்க விண்டோஸ் 7 இல்லன்னா 8.1, யூனிவர்சல் சிஆர்டின்னு ஒரு அப்டேட் அதுல போடல, விண்டோஸ் 10ல இருந்து அது கூடவே வருது. 0எக்ஸ்சி000007பின்னா 32-பிட்டும் 64-பிட்டும் எங்கயோ கலந்துருச்சு.

மெசேஜே இல்லாம தொறந்து மூடிக்கிட்டா ஈவென்ட் வியூவர்ல விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன்னு போயி சிவப்பு வரிய பாருங்க, ஃபால்ட்டிங் மாட்யூல்னு ஒரு பேரு இருக்கும். அது எம்எஸ்விசிபி140ன்னு இருந்தா மொதல்ல ரீடிஸ்ட்ட அப்டேட் பண்ணுங்க. 2024ல வந்த விஷுவல் ஸ்டுடியோ 17.10ல மியூட்டெக்ஸ்னு ஒரு உள்சமாச்சாரத்த மாத்தினாங்க, புது கம்பைலர்ல கட்டினது பழைய ரீடிஸ்ட் இருக்கற மெஷின்ல இப்படித்தான் சத்தமே இல்லாம விழுந்துச்சு.

க்யூட்டி6ன்னு பேர்ல போட்டிருக்கற ஃபைலுக்கு விண்டோஸ் 10ல 1809ங்கற வெர்ஷனோ அதுக்கு மேலயோ வேணும். அதுக்கு கீழ இருக்கறவங்க க்யூட்டி5 ஃபைல் இருந்தா அத எடுக்கலாம், ஆனா விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சு போச்சு, மெஷின் தாங்குமான்னு பாத்து 11க்கு போறத பத்தியும் யோசிங்க.

நம்ம ஆளுங்க கண்டிப்பா பண்ண வேண்டிய டெஸ்ட்

இது வேற யாரும் சொல்ல மாட்டாங்க, தமிழ்ல ஃபைல் பேரு வைக்கிற நமக்கு வர்ற பிரச்சனை. விண்டோஸ்ல பழைய கால முறைல பல மொழிக்கும் கோட்பேஜ்னு ஒரு எழுத்து அட்டவணை வச்சிருந்தாங்க, ரஷ்யனுக்கு உண்டு, தாய் மொழிக்கு உண்டு, தமிழுக்கு அது எப்பவுமே கெடையாது, தமிழ் நேரா யூனிகோட்ல தான் வந்துச்சு. ஒரு சாஃப்ட்வேர் அந்த பழைய வழில ஃபைல் பேர கேட்டா விண்டோஸ் தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு குடுத்துரும். ஃபைல் பேர்ல கேள்விக்குறியே வரக்கூடாதுங்கறது விண்டோஸ் விதி, அப்ப எப்படி தொறக்கும்? மாமாவோட ஆயிரக்கணக்கான பாட்டும் அங்கயே நின்னுரும்.

இதுல கம்பைலருக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய மின்ஜிடபிள்யூ பில்டுங்க எம்எஸ்விசிஆர்டி.டிஎல்எல்னு ஒரு பழைய லைப்ரரிய புடிச்சுகிட்டு ஓடும், அதுக்கு யூடிஎஃப்-8, அதாவது யூனிகோட் எழுத்த சேமிக்கிற முறை, தெரியாது. புது எம்எஸ்விசியும், யூசிஆர்டின்னு பேரு போட்ட மின்ஜிடபிள்யூவும் யூனிவர்சல் சிஆர்டிய வச்சு ஓடும், அதுக்கு விண்டோஸ் 10 1803ல இருந்து யூடிஎஃப்-8 தெரியும். அதனால மின்ஜிடபிள்யூல ரெண்டு ரகம் குடுத்திருந்தா யூசிஆர்டி போட்டத எடுங்க. ஒழுங்கா எழுதின சாஃப்ட்வேர் எந்த பில்டுலயும் தமிழ் பேர தொறக்கும், அதுவும் உண்மை தான், ஆனா எது ஒழுங்கா எழுதினதுன்னு வெளிய இருந்து நமக்கு எப்படி தெரியும், சோதிச்சு தான் பாக்கணும்.

"பழைய பாட்டு"ன்னு தமிழ்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள "அம்மா பாடினது"ன்னு ஒரு பாட்டு ஃபைல். மொதல்ல சாஃப்ட்வேருக்குள்ள இருந்து ஓப்பன் பண்ணுங்க. அடுத்து சாஃப்ட்வேர மூடிட்டு, எக்ஸ்ப்ளோரர்ல அந்த ஃபைல நேரா டபுள் கிளிக் பண்ணி தொறங்க, இது வேற பாதை, உள்ள இருந்து தொறந்தது இங்க தொறக்காம போறத நானே பாத்திருக்கேன். மூணாவது, பாடினவர் பேர தமிழ்ல மாத்தி சேவ் பண்ணி, மூடி, திரும்ப தொறந்து பாருங்க. மூணும் ஓகேன்னா அப்புறம் முழு கலெக்‌ஷனையும் ஏத்துங்க. சேவ் பண்ணும்போது பேரு கெட்டுப் போற சாஃப்ட்வேர்ல மொத்த கலெக்‌ஷனையும் ஏத்திட்டா ரெண்டு வருஷ உழைப்பு போயிரும், அதனால ஒரு காப்பிய எக்ஸ்டர்னல் டிஸ்க்ல வச்சுட்டு தான் இத எல்லாம் பண்ணணும்.

ஒரு பில்டு சரிவரலன்னா

இன்னொண்ண போட்டுப் பாருங்க, ஆனா ஒண்ணு மேல ஒண்ணு போடாதீங்க. பழசை அன்இன்ஸ்டால் பண்ணி, புரோகிராம் ஃபைல்ஸ்ல அதோட ஃபோல்டர் மிச்சம் இருந்தா அதையும் அழிச்சுட்டு புதுச போடுங்க, இல்லன்னா பழைய டிஎல்எல் ஒண்ணு ரெண்டு அங்கயே தங்கி புதுசோட கலந்துரும். செட்டிங்ஸ் பொதுவா ஆப்டேட்டாங்கற ஃபோல்டர்ல இருக்கும், ரெண்டு பில்டும் பெரும்பாலும் அதே ஃபோல்டர தான் படிக்கும், அதனால மாத்தறதுக்கு முன்னாடி அத ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. இன்ஸ்டால் ஆனது எந்த ரகம்னு மறந்து போனா டாஸ்க் மேனேஜர்ல டீடெயில்ஸ் பக்கத்துல மேல தலைப்புல ரைட் கிளிக் பண்ணி, செலக்ட் காலம்ஸ்ல ஆர்க்கிடெக்சர் இல்லன்னா பிளாட்ஃபார்ம்னு இருக்கறத டிக் பண்ணா எக்ஸ்64ஆ எக்ஸ்86ஆன்னு தெரியும், ஃபோல்டர்ல லிப்எஸ்டிடிசி++ இருந்தா அது மின்ஜிடபிள்யூன்னு வச்சுக்கலாம்.

ரெண்டு பில்டும் ஒரே எடத்துல விழுந்தா தப்பு பெரும்பாலும் சாஃப்ட்வேரோட கோட்ல இல்லன்னா உங்க ஃபைல்ல. ஒண்ணு மட்டும் விழுந்தா அத டெவலப்பருக்கு எழுதிப் போடுங்க, ஃபைலோட முழு பேரு, விண்டோஸ் வெர்ஷன், ஈவென்ட் வியூவர்ல பாத்த மாட்யூல் பேரு, இந்த மூணும் இருந்தா அவங்களுக்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி. தமிழ் பேரு தொறக்கலன்னா அந்த பேர அப்படியே தமிழ்லயே காப்பி பண்ணி போடுங்க, அவங்க மெஷின்ல அதே பேர்ல ஒரு ஃபைல் வச்சு பாத்தா உடனே புரிஞ்சுரும்.

மாமாவுக்கு எக்ஸ்64 எம்எஸ்விசி, டீபக் இல்லாதது போட்டோம். ரீடிஸ்ட் பழசா இருந்துச்சு, அதையும் புதுப்பிச்சோம், தமிழ் டெஸ்ட் மூணும் பாஸ். கடைசியா அவரு டெஸ்க்டாப்ல ஒரு நோட்பேட் ஃபைல் வச்சுட்டு வந்தேன், அதுல "எக்ஸ்64, எம்எஸ்விசி, டீபக் வேண்டாம்"னு ஒரே ஒரு வரி. பொங்கலப்போ புது வெர்ஷன் வந்துச்சு, அந்த வரிய பாத்து அவரே எடுத்து போட்டுட்டாரு.